சாலோங், ரவானா, கலிந்தாக்தாக்: பயிற்சி குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நபிகள் பிறந்த மவ்லித் மாதம் நெருங்குகிறது. குர்ஆனை ஓதி முடித்த பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி இந்தோனேசியாவின் மேற்கு சுலவேசியில் உள்ள நம் மண்டார் ஊர்களில் நடத்தும் சய்யாங் பட்டுடு ஊர்வலத்தில், இந்த முறை நம் மாணவர்களும் ரவானா என்னும் தோல் மேளத்தை வாசிக்கிறார்கள். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

முதலில் சாலோங், அதாவது சிரட்டை மேல் மூங்கில் சிம்புகளை வைத்துத் தட்டி வாசிக்கும் கருவி. முற்றிய தேங்காயின் சிரட்டை ஒன்றும், நன்றாகக் காய்ந்த மூங்கில் சிம்புகளும் போதும். சிரட்டையில் பருப்பைத் துளிகூட ஒட்டாமல் சுரண்டிவிடுங்கள். மிச்சமிருந்தால் பூஞ்சை பிடித்து நாறும். பச்சை மூங்கில் வேண்டவே வேண்டாம். இன்று சுருதி சேர்த்தாலும் காயக் காயச் சுருதி ஏறிக்கொண்டே போகும். கணு இல்லாத பகுதியாக நறுக்குங்கள். சுருதியை இறக்க, சிம்பின் அடிப்பக்கம் நடுவில் மெல்லச் சீவ வேண்டும். ஏற்ற, நுனியைக் கொஞ்சம் வெட்ட வேண்டும். சீவியதை ஒட்ட முடியாது, ஆகவே தட்டிக் கேட்டுக் கேட்டுச் சீவச் சொல்லுங்கள். சிம்பு முழுவதும் சிரட்டையில் படிந்தால் 'டொக்' என்று செத்த ஒலிதான் வரும். இரு முனையிலிருந்தும் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தள்ளி மட்டும் தாங்கினால் நாதம் நிற்கும். அறிவியல் பாடத்தில் அதிர்வைப் பற்றி நாங்கள் சொல்வதைவிட இது நன்றாகப் புரிகிறது.

ரவானாவின் ஆட்டுத்தோல் மழை ஈரத்தில் தொய்ந்துவிடும். வெயிலில் சற்று நேரம் காட்டினால் போதும். அவசரத்துக்கு அடுப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும். பிள்ளைகளின் வழக்கமான தவறு, உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுவது. தாளத்துக்குத் தலையசைத்துக் காலெடுத்து வைக்கப் பழகிய குதிரை அது. தாளம் ஓடினால் அதன் நடை குலையும், மேலே இருக்கும் பிள்ளைக்கு ஆபத்து. வேகமாக அடிப்பவரைவிட நிதானமாக அடிப்பவரையே முன்வரிசைக்குத் தேர்ந்தெடுப்போம். பெண்பிள்ளைகளுக்கு ரவானா எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ரவானா தோவாய்னே, அதாவது பெண்கள் வாசிக்கும் ரவானா, நம்மிடம் ஏற்கெனவே உள்ள மரபுதான்.

ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக ஒரு கலிந்தாக்தாக், அதாவது நம் மண்டார் மொழிக் கவிதை, எழுதி வர வேண்டும். நான்கு அடிகள், அசைகள் 8, 7, 5, 7. எழுத்தை எண்ணாமல், வாய்விட்டுச் சொல்லி அசையை எண்ணுங்கள். மூன்றாம் அடியில்தான் பலருக்கும் சறுக்கும்: ஐந்து அசைக்குள் அடங்கும் மண்டார்ச் சொல் நாவில் வராமல் இந்தோனேசியச் சொல்லைச் செருகிவிடுகிறார்கள். பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் தேட வேண்டாம்.

ஊர்வலத்தன்று குதிரையின் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, வெடியும் கூடாது. சிரட்டையையும் மூங்கிலையும் வரும் சனிக்கிழமை காலை, பெயர் எழுதிய பையில் கொடுத்தனுப்புங்கள். கத்தியைக் கொடுத்தனுப்ப வேண்டாம், பள்ளியில் இருக்கிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்