உப்பைப் பற்றி ஒரு கேள்வி

அன்புள்ள கலா,

நலமா? அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதத்தான் நினைத்தேன், தேர்வு வந்துவிட்டது.

சிங்கப்பூரில் நான் படிக்கிற பசுமை வேதியியலில் அப்படி என்னதான் புதிதாகச் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டிருந்தாய். கணக்குப் பார்க்கும் முறையே வேறு, கலா. கல்லூரியில் விளைச்சல் எத்தனை சதவீதம் என்று மட்டும்தானே பார்த்தோம்? இங்கே மிச்சம் எங்கே போனது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்பதை வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் 1992-இல் ஈ-ஃபேக்டர் என்று எழுதினார். பெட்ரோலியச் சுத்திகரிப்பில் அது 0.1 அளவுதான். மருந்துத் தயாரிப்பில் 25 முதல் 100 வரை, அதற்கு மேலும் போகும்! பெரும்பங்கு கரைப்பான்தான்.

போன வாரம் ஆய்வகத்தில் ஒரு கலவையைப் பிரிக்க காலம் குரோமட்டோகிராஃபி ஓட்டினேன். கிடைத்தது குப்பியின் அடியில் ஒட்டிய வெள்ளைப் பொடி. கழிவுக் கேனிலோ ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் என்று கரைப்பான்கள் கழுத்து வரை. குழாயில் நிரப்பியிருந்த ஈரமான சிலிக்கா ஜெல் வேறு. எல்லாவற்றையும் எடைபோட்டு நோட்டில் எழுத வேண்டும். எழுதும்போது மனசு கனத்துப்போனது.

இந்த ஊரில் இது புத்தகத்தோடு நிற்கிற விஷயமில்லை. குப்பையை எரித்த சாம்பலைக் கொட்ட இருப்பது செமக்காவ் தீவுக் குப்பைக்கிடங்கு ஒன்றுதான், 2035 வாக்கில் அதுவும் நிரம்பிவிடும் என்கிறார்கள். ஆலைகள் வெளிவிடும் கரியமில வாயுவுக்கான கார்பன் வரி 2019-இல் டன்னுக்கு 5 வெள்ளி, 2024-இல் 25 ஆனது. ஜூரோங் தீவு ரசாயன ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் ஷிப்ட் முடிந்து நேரே வகுப்புக்கு வருகிறார்கள்.

எனக்கு அடிக்கடி திருப்பூர் ஞாபகம்தான். 2011-இல் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, சாயத்தண்ணீரை மீட்க நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீரை மீட்டாலும் உப்பு குவிகிறதே. பருத்தி நாருக்கும் அதற்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கும் ஒரே எதிர்மின்னூட்டம். இரண்டும் விலகுவதால்தானே அத்தனை உப்பு கொட்டுகிறோம்? நாருக்கு முன்கூட்டியே நேர்மின்னூட்டம் கொடுத்துவிட்டால் உப்பைப் பெருமளவு குறைக்கலாம். அதற்கு வழக்கமாகப் பயன்படுத்தும் ரசாயனம் நச்சு. அதனால் அதற்குப் பதிலாக இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானை வைத்து என் ஆய்வைச் செய்யலாம் என்றிருக்கிறேன். துணி விறைப்பாகிவிடுமோ என்பதுதான் கவலை.

அப்புறம், ஒரு உதவி. உங்கள் பட்டறையில் கறுப்பு, நேவி புளூ போன்ற அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு போடுகிறார்கள், எந்தச் சூட்டில், எத்தனை நிமிடம்? சாய மாஸ்டரிடமே கேட்டு எழுது. முடிந்தால் சாயம் போடாத பின்னல் துணியில் ஒரு முழமும் அனுப்பு.

அன்புடன்,
கண்மணி