ஆறாம் ராமேசஸ் கல்லறையைக் காட்டாமல் திருப்பி அழைத்து வந்தது குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: எகிப்துப் பயணத்தில் லக்சர் நாளன்று உறுதியளித்த அரச கல்லறைகளைக் காட்டாதது, கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

உங்கள் நிறுவனத்தின் எட்டு நாள் எகிப்துப் பயணத்தில் நானும் என் தந்தையும் சென்று வந்தோம். மற்ற நாட்களைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. இந்தக் கடிதம் லக்சர் நகரைக் காட்டிய ஆறாம் நாளைப் பற்றியது மட்டுமே.

அப்பாவுக்கு 71 வயது. அரசுப் பள்ளியில் 33 ஆண்டுகள் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். செங்கடல் கரையில், குசேர் அல்-கதீமில், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்ததை வகுப்பில் சொல்லிச் சொல்லி மகிழ்வார். எகிப்து என்றதும் அவர் முதலில் கேட்டது பிரமிடுகளை அல்ல, பண்டைய எகிப்திய மன்னன் ஆறாம் ராமேசஸின் கல்லறையை. உங்கள் பயணக் கையேட்டில் 'மன்னர்களின் பள்ளத்தாக்கு: துட்டன்காமன், ஆறாம் ராமேசஸ் கல்லறைகள் உட்பட, நுழைவுக் கட்டணங்கள் அடங்கும்' என்று அச்சாகியிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் உங்களிடம் பணம் கட்டினேன்.

அன்று காலை மெம்னோன் எனப்படும் பிரமாண்டமான கற்சிலைகளின் முன்னால் பத்து நிமிடம் நின்றோம். அங்கிருந்து நேரே பள்ளத்தாக்குக்குப் போயிருக்க வேண்டிய பஸ், அலபாஸ்டர் கல் பட்டறை ஒன்றின் வாசலில் நின்றது. இருபது நிமிடம் என்றார் உங்கள் குழு மேலாளர். ஜாடிக்குள் விளக்கை விட்டு ஒளி ஊடுருவுவதைக் காட்டினார்கள், தேநீர் கொடுத்தார்கள், விலை பேசினார்கள். அப்பா வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். "கிளம்பிவிட்டார்களா அம்மா?" என்று மூன்று முறை கேட்டார். அங்கே ஒரு மணி பத்து நிமிடம் போயிற்று. அடுத்து நின்ற வாசனைத் திரவியக் கடையில் ஐம்பது நிமிடம். இந்த இரண்டு கடைகளும் கையேட்டில் இல்லை.

பள்ளத்தாக்கை அடைந்தபோது மணி 11. பதினொன்று ஐம்பதுக்குப் பஸ்ஸில் இருக்க வேண்டும் என்றார்கள். கையில் கொடுத்தது பொது டிக்கெட். அதில் மூன்று கல்லறைகளைப் பார்க்கலாம். துட்டன்காமனுக்கும் ஆறாம் ராமேசஸுக்கும் தனித்தனியே டிக்கெட் எடுக்க வேண்டும். பயணம் நடத்துவதே தொழிலாக உள்ள உங்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. ஏன் எடுக்கவில்லை என்று குழு மேலாளரிடம் கேட்டேன். "எல்லாக் கல்லறையும் ஒரே மாதிரிதான், ஒன்றைப் பார்த்தால் போதும்" என்று பதில் வந்தது.

என்னால் பொறுக்க முடியாதது இந்தப் பதில்தான். ஆறாம் ராமேசஸின் அடக்க அறை விதானத்தில் வானத்தின் தேவி நூத் இரண்டு உருவங்களாக, முதுகோடு முதுகு சேர்ந்து, நீண்டு கிடக்கிறாள். மாலையில் சூரியனை விழுங்குகிறாள். இரவு முழுவதும் அது அவள் உடலுக்குள்ளே பயணம் செய்கிறது. விடியலில் அதைப் பெற்றெடுக்கிறாள். இந்தப் படத்தை மஞ்சள் சாக்பீஸால் கரும்பலகையில் வரைந்து காட்டியவர் என் தந்தை. நானும் அந்த வகுப்பில் இருந்திருக்கிறேன். இந்தக் கல்லறையைக் குடைந்தபோது கொட்டிய கல்லும் தொழிலாளர் குடிசைகளும் கீழேயிருந்த துட்டன்காமன் கல்லறையின் வாயிலை மூடி மறைத்தன. 1922 நவம்பர் 4 அன்று தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டரின் ஆட்கள் முதல் படியைக் கண்டுபிடிக்கும் வரை அது அப்படியே மறைந்து கிடந்தது. அருகருகே இருக்கும் அந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவில் நின்று பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

நாங்கள் பார்த்தது நான்காம் ராமேசஸின் கல்லறை ஒன்றை மட்டும். பிற்காலத்தில் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் அதன் சுவரில் எழுதி வைத்தவற்றை அப்பா நோட்டில் பார்த்து எழுதத் தொடங்கினார்; இரண்டு வரி முடிவதற்குள் நேரமாகிவிட்டது என்று அழைத்துவிட்டார்கள். பிற்பகல் கர்னாக் கோயிலை நன்றாகவே காட்டினீர்கள். ஆனால் அதன் பெரிய மண்டபத்தின் 134 தூண்களுக்கு நடுவே நடந்தபோது அவர் நோட்டைத் திறக்கவே இல்லை.

குழு மேலாளர் ஒருவரை மட்டும் குறை சொல்ல நான் விரும்பவில்லை. டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்து அனுப்ப வேண்டியது நிறுவனம்தான்.

எங்கள் இருவருக்கும் லக்சர் நாளுக்குரிய கட்டணத்தை 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். என் தந்தைக்கு எழுத்தில் வருத்தம் தெரிவியுங்கள். அந்தக் கல்லறைகளைக் காட்டப் போவதில்லை என்றால் கையேட்டிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். இல்லையெனில், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்காக மனுச் செய்வேன்.

கையேட்டின் ஆறாம் நாள் பக்கம், இரண்டு பொது டிக்கெட்டுகள் ஆகியவற்றின் நகல்களையும், பட்டறையிலும் கடையிலும் நேரம் தெரியும்படி எடுத்த படங்களையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் பயணக் குழுவில் வந்த பயணி,
மதுரை