த்ரெட்டுக்கு ஒரு லுவா

சேலம், அஸ்தம்பட்டி

அன்புள்ள சரவணா,

கடிதம் கிடைத்தது. ஏற்காட்டில் இந்த வருஷம் மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது என்றதில் சந்தோஷம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம்.

உன் சர்வர் விஷயத்துக்கு வருகிறேன். சி++ சர்வருக்குள் தோட்டத்துக்கொரு லுவா ஸ்கிரிப்ட் (லுவா, வேறு புரோகிராமுக்குள் வைத்து ஓட்டும் சிறு மொழி), ஒரே நேரத்தில் ஓடும் எட்டு த்ரெட், எல்லாவற்றுக்கும் ஒரே லுவா ஸ்டேட் (லுவாவின் மாறிகளும் மெமரியும் இருக்கும் இடம்), அதற்கு ஒரு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு, அதாவது லாக்) என்று எழுதியிருக்கிறாய். மலையில் கரண்ட் போய் வந்ததும், தேங்கிய மழைமானிக் கணக்கெல்லாம் மொத்தமாக வந்து விழும். அப்போது ஒரு த்ரெட் வேலை செய்ய, ஏழு வரிசையில் நிற்கும். மியூடெக்ஸை எடுத்துவிட்டால் இன்னும் மோசம். லுவாவின் உள்ளே இருக்கும் லாக் மேக்ரோ வெறுமையானது, எதையும் பூட்டாது. இரண்டு த்ரெட் ஒரே ஸ்டேட்டைத் தொட்டால் மெமரி கெடும், ஆனால் கிராஷ் சம்பந்தமில்லாத வேறு இடத்தில் வரும். லுவா_நியூத்ரெட் பெயரைப் பார்த்து ஏமாறாதே. அது கொரூட்டின்தான் (நிறுத்தித் தொடரக்கூடிய ஃபங்ஷன், உண்மையான த்ரெட் அல்ல), அதே ஸ்டேட், வேண்டாத மெமரியைத் துடைக்கும் அதே கார்பேஜ் கலெக்டர்.

த்ரெட்டுக்கு ஒரு ஸ்டேட் தனியாகத் திற. செலவு மிகக் குறைவு. ஸ்கிரிப்டை ஒருமுறை கம்பைல் செய்து, லுவா_டம்ப் தரும் பைட்கோடை (கம்பைல் ஆன வடிவத்தை) எல்லா ஸ்டேட்டிலும் ஏற்று. வெளியார் தரும் பைட்கோடை மட்டும் ஏற்றாதே, லுவா 5.2 முதல் அதைச் சரிபார்ப்பதே இல்லை. விதி மாறினால் வெர்ஷன் எண்ணை உயர்த்து. ஒவ்வொரு த்ரெட்டும் அடுத்த வேலைக்கு முன் அதைப் பார்த்துத் தன் ஸ்டேட்டைத் தானே புதுப்பிக்கட்டும்.

இதில் ஒரு சிக்கல்: 'இன்றைய மழை' என்று குளோபலில் கூட்டி வைத்தால் அது எட்டாகச் சிதறும். தோட்ட எண்ணை ஹாஷ் செய்து, ஒரு தோட்டத்தின் வேலை எப்போதும் ஒரே த்ரெட்டுக்குப் போகும்படி அனுப்பு, அல்லது கூட்டுத்தொகையை சி++ பக்கம் வை. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஸ்டேட்டை எப்போது வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம்.

அந்தப் பொதுக் கணக்குக்கு லாக் தேவைப்படும். ஆபத்து அங்கேதான். சி-யாகக் கம்பைல் செய்த லுவா, பிழை வந்தால் லாங்ஜம்ப் மூலம், நடுவில் உள்ள ஃபங்ஷன்களை முடிக்காமலே, தாவும். லாக்கைத் தானாகத் திறந்துவிடும் லாக்_கார்டின் டிஸ்ட்ரக்டர் ஓடாது. லாக் பூட்டியபடியே கிடக்கும், சர்வர் ஒரு பதிவு வரிகூட எழுதாமல் உறைந்துவிடும். சாதாரண லுவா_புஷ்ஸ்டிரிங்கூட மெமரி தீர்ந்தால் தாவும். எண்ணை எடு, லாக்கை விடு, பிறகு லுவாவைத் தொடு. லுவாவையே சி++ ஆகக் கம்பைல் செய்தால் எக்ஸெப்ஷன் வரும், அது இன்னும் நிம்மதி. பிழையைப் பிடித்துக்கொள்ளும் பிகால் (pcall) இல்லாமல் எதையும் கூப்பிடாதே. பிழை வந்தால் பேனிக் ஆகி புராசஸே செத்துவிடும்.

முடிவில்லாத லூப்பை நிறுத்த லுவா_செட்ஹுக் (குறிப்பிட்ட எண்ணிக்கை இன்ஸ்டிரக்ஷன் ஓடியதும் உன் ஃபங்ஷனை, அதாவது ஹுக்கை, கூப்பிடும்): லட்சம் இன்ஸ்டிரக்ஷனுக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்து, கெடு தாண்டினால் பிழை எறி. ஸ்கிரிப்டே பிகால் போட்டு அதை விழுங்கலாம்; கெடு தாண்டியபின் எண்ணிக்கையை 1 ஆக்கிவிட்டால் அப்படித் தப்பமுடியாது. வேகமான வகையான லுவாஜிட்டில், மெஷின் கோடாகக் கம்பைல் ஆன லூப்பில் ஹுக் வராது, அதனால் சாதா லுவாவே இருக்கட்டும். புராசஸை மூடும் ஓஎஸ்.எக்ஸிட், மொழி அமைப்பை மாற்றும் ஓஎஸ்.செட்லொகேல் இரண்டையும் நீக்கு; அவை எல்லா த்ரெட்டையும் பாதிக்கும்.

லாக் இருக்கும் ஃபங்ஷன்களை மட்டும் முதலில் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்