பாடத்திட்டக் குழுவினருக்குத் திறந்த மடல்: எங்களுக்கு ஒரு நைட்ரஜன் சிலிண்டர் வேண்டும்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும், கல்லூரி ஆய்வகங்களுக்கு நிதி ஒதுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

முதுகலை வேதியியல் செய்முறைத் தாளிலிருந்து தனி உறுப்புகள் (free radicals – இணை சேராத எலக்ட்ரான் கொண்ட, விரைந்து வினைபுரியும் அணுக்கள் அல்லது மூலக்கூறுத் துண்டுகள்) பற்றிய சோதனையை நீக்கிவிட்டு, அதற்கு ஈடாகக் காணொலியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினால் போதும் என்று தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கை தருமபுரிக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு முன் எங்கள் துறையிலிருந்து சென்ற கோரிக்கைகளும், அவற்றுக்கு வந்த பதில்களும் தங்கள் கோப்புகளிலேயே இருக்கின்றன என்பதால் அவற்றை இங்கே மறுபடி எழுதவில்லை. இந்த மாவட்டத்தில் நெடுங்காலம் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நான் கேட்பது இவ்வளவுதான்: அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள், ஆய்வகத்துக்கு ஒரு நைட்ரஜன் சிலிண்டரும், அதற்குரிய ரெகுலேட்டரும், ஆவிகளை வெளியே இழுக்கும், ஒழுங்காக வேலை செய்கிற ஒரு ஃபியூம் ஹூடும் கொடுங்கள்.

என்னை எழுத வைத்தது சுற்றறிக்கை மட்டுமல்ல. அதற்கு முந்தைய பருவத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்ததும்தான். பென்னாகரம் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்து படிக்கும் அந்தப் பெண் தன் ஆய்வுத் திட்டத்துக்கு டிரைபீனைல்மீத்தைல் தனி உறுப்பை எடுத்துக்கொண்டார். டிரைபீனைல்மீத்தைல் குளோரைடை டொலுவீனில் கரைத்துத் துத்தநாகத் தூளுடன் கலக்க வேண்டும். அவ்வளவு நேரமும் குடுவைக்குள் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் புகக் கூடாது. அதைத் தடுக்க நைட்ரஜன் வாயு வேண்டும்; ஆய்வகத்தில் அது இல்லை. எனவே அவரும் உடன் படிக்கும் இருவரும் சேலம் – பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்கு நைட்ரஜன் காற்று பிடிக்கும் டயர் கடைக்குப் போய், பழைய லாரி டியூப் ஒன்றை நிரப்பித் தரச் சொல்லி, அதை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு கல்லூரிக்கு வந்தார்கள். படிப்புக்கு என்று கேட்டதும் கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கலக்கக் கலக்கக் கரைசலில் மெல்ல மஞ்சள் நிறம் ஏறியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அந்த நிறம்தான் தனி உறுப்பு. ஆனால் டயர் கடை நைட்ரஜன் தூய நைட்ரஜன் அல்ல. அதில் கொஞ்சம் ஆக்சிஜன் கலந்தே இருக்கும். டியூபிலிருந்து வாயுவைச் செலுத்தும்போதெல்லாம் நிறம் வெளிறியது, சற்று விட்டுவைத்தால் திரும்பியது, மறுபடி வெளிறியது. முடிவில் குடுவையின் அடியில் தங்கியவை வெள்ளைப் படிகங்கள் மட்டுமே. அந்தப் பெண் அவற்றைச் சேகரித்து, கழுவி, உலர்த்தி, உருகுநிலை பார்த்து, சுமார் 185 டிகிரி என்று குறித்துவைத்தார். தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர், எதிர்பார்த்த விளைபொருள் கிடைக்கவில்லை என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் போனார்.

அந்த வெள்ளைப் படிகம் எது என்பது வேதியியல் படித்த எவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1900ஆம் ஆண்டில் தனி உறுப்பு வேதியியலையே தொடங்கி வைத்தது அதுதான். மோசஸ் கோம்பர்க் என்பவர் டிரைபீனைல்மீத்தைல் குளோரைடை வெள்ளித் தூளுடன் சேர்த்து ஹெக்சாபீனைல்ஈத்தேன் என்ற ஹைட்ரோகார்பனைச் செய்ய முயன்றார். கிடைத்த வெள்ளைப் பொருளைப் பகுத்துப் பார்த்தபோது, சுமார் 94 விழுக்காடு இருக்க வேண்டிய கார்பன் 88 விழுக்காடுதான் இருந்தது. சோதனை தவறிவிட்டது என்று அவர் அதைக் கொட்டிவிடவில்லை. மீண்டும் மீண்டும் செய்து, குறைகிற இடத்தை நிரப்புவது ஆக்சிஜன்தான் என்று கண்டு, தன் கருவியை மாற்றியமைத்து, கார்பன் டைஆக்சைடு சூழலில் காற்றைத் தடுத்துச் சோதனையை நடத்தினார். அப்போது கிடைத்த பொருளின் கரைசல் மஞ்சளாக இருந்தது. காற்றையும் அயோடினையும் கண்ட உடனே வினைபுரிந்தது. நான்கு பிணைப்பு இல்லாமல் கார்பன் நிற்காது என்று உலகமே நம்பிய காலத்தில், மூன்று பிணைப்புடன் நிற்கும் கார்பன் ஒன்று இதோ இருக்கிறது என்று அவர் எழுதினார். எங்கள் மாணவி லாரி டியூபை வைத்துக்கொண்டு தயாரித்தது கோம்பர்க்குக்கு முதலில் கிடைத்த அதே பெராக்சைடு, அதாவது தனி உறுப்பு ஆக்சிஜனுடன் சேர்ந்து உண்டான பொருள். அதற்குத்தான் மதிப்பெண் குறைக்கப்பட்டது.

கோம்பர்க்கின் பணி வாழ்வை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. 1866இல் இன்றைய உக்ரைனில் பிறந்த அவர், குடும்பத்தின் மீது ஆட்சியாளர்களின் சந்தேகம் விழுந்ததால் 1884இல் சிகாகோவுக்கு ஓடிவந்து, இறைச்சிக் கூடங்களில் கூலி வேலை செய்து, மொழி கற்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்து 1894இல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு ஒரு விடுப்பில் ஜெர்மனிக்குப் போய், முயல வேண்டாம் என்று விக்டர் மேயர் போன்ற பெரிய வேதியியலாளரே சொன்ன டெட்ராபீனைல்மீத்தேனை ஹைடல்பெர்க்கில் தயாரித்துக் காட்டினார். திரும்பி வந்து, மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் சாதாரண ஆசிரியராக இருந்தபோதுதான் தனி உறுப்பைக் கண்டார். அன்றைய வேதியியலின் தலைநகரங்கள் ஜெர்மனியில் இருந்தன. ஆன் ஆர்பர் அவற்றிலிருந்து வெகு தொலைவு. பலர் அவரை நம்பவே பத்தாண்டுகள் ஆயின. 1931இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தலைவராக இருந்தார், 1936 வரை தம் துறைக்கும் தலைவராக இருந்தார். நோபல் பரிசு மட்டும் கிடைக்கவில்லை. கண்ணாடிக் குழாயைத் தானே ஊதி உருவாக்கி, தவறிய சோதனையைத் திரும்பச் செய்யும் வசதி அவருக்கு இருந்தது. அந்த ஒரு வசதியைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

அந்த மஞ்சள் கரைசலுக்குப் பின் வந்தவற்றைத் தாங்கள் அறிவீர்கள். 1929இல் பானெத் என்ற வேதியியலாளரும் அவருடைய உதவியாளரும் சூடான குழாயில் மீத்தைல் தனி உறுப்பை உண்டாக்கி, அது ஈயப் பூச்சைத் தின்று தீர்ப்பதைக் காட்டினார்கள். 1933இல் காரஷும் மேயோவும் கண்டுபிடித்த பெராக்சைடு விளைவை (பெராக்சைடு இருந்தால் தனி உறுப்புகள் வழியே சேர்க்கை வினையின் திசை மாறுவதை) எங்கள் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்கிறார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பாலித்தீன் பிறந்ததும் தனி உறுப்பு வினையால்தான். குளோரின் அணு ஒன்று ஓசோனை எப்படித் தொடர்ந்து அழிக்கும் என்று 1974இல் மொலினாவும் ரோலண்டும் சொன்னது ஓசோனைக் காக்கும் 1987இன் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கு வழிவிட்டது; 1995இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இவையெல்லாம் எங்கேயோ நடந்தவை, தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இவற்றால் என்ன என்று கேட்கக் கூடும். பாலக்கோட்டில் தக்காளி வயல்களுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே படர்ந்து கிடக்கும் சொட்டுநீர்க் குழாய்கள் வெயிலில் வெடித்து நொறுங்குவதற்குக் காரணம், சூரிய ஒளி அந்த நெகிழியில் உண்டாக்கும் தனி உறுப்புகள். அவை கருப்பாக இருப்பதற்குக் காரணம், ஒளியைத் தடுக்க அதில் கலந்த கரித்தூள். எங்கள் வீடுகளில் கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும், கிருஷ்ணகிரியில் மாங்கூழ் நிறம் மாறாமலிருக்க எதிர்ஆக்சிஜனேற்றிகளைச் சேர்ப்பதும் இந்தப் பாடத்தின் பகுதிகள்தாம். இந்த மாவட்டங்களில் வேதியியல் படித்த பிள்ளைகள் மாங்கூழ் ஆலைகளுக்கும் ஓசூர் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். அங்கே நைட்ரஜன் சிலிண்டரின் வால்வை முதன்முதலாகத் திறக்கும்போது அவர்கள் கை நடுங்குமானால் அந்தப் பழி யாருடையது?

பாதுகாப்புக் கருதி இச்சோதனை நீக்கப்பட்டது என்று சுற்றறிக்கை சொல்கிறது. டொலுவீன் தீப்பற்றும் என்பதும், பெராக்சைடுகளைக் கவனமாகக் கையாள வேண்டும் என்பதும் உண்மை. அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அப்படியானால் ஆபத்தைக் கையாளும் பயிற்சியை அல்லவா தர வேண்டும்? சுவரில் சங்கிலியால் கட்டிய சிலிண்டரும் காற்றை வெளியே இழுக்கும் ஹூடும் பாதுகாப்பு. அவை இல்லாத அறையில் லாரி டியூபை வைத்துக்கொண்டு சோதனை செய்யும் நிலைக்குப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு, பிறகு பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சோதனையையே நீக்குவது நியாயமாகப் படவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கல்லூரியின் தரத்தைப் பார்வையிடும் குழுக்கள் வரும்போது வகுப்பறைகளில் திரைகள் மாட்டப்படுகின்றன, சுவர்களுக்கு வண்ணம் அடிக்கப்படுகிறது, ஆசிரியர்கள் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கை கேட்டு வாங்கப்படுகிறது. ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்கள் எத்தனை உடைந்திருக்கின்றன, ஹூடில் காற்றாடி ஓடுகிறதா என்று கேட்டவர் எவரையும் நான் கண்டதில்லை. பெருநகரக் கல்லூரி மாணவன் கையால் செய்து கற்பதை எங்கள் பிள்ளைகள் மட்டும் திரையில் பார்த்துக் கற்றால் போதும் என்று முடிவெடுத்தது எந்தக் கூட்டத்தில்? இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. மூத்தவன் என்ற உரிமையில் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஆகவே மறுபடியும் பணிந்து கேட்கிறேன். செய்முறைத் தாளில் இந்தச் சோதனையை மீண்டும் சேர்த்து, காணொலியை அதற்கு முன்தயாரிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் சிலிண்டர், ரெகுலேட்டர், ஃபியூம் ஹூட் ஆகிய மூன்றுக்கும் அடுத்த பருவம் தொடங்கும் முன் நிதி ஒதுக்குங்கள். அந்த மாணவியின் பதிவேட்டை வேறொரு தேர்வாளரிடம் கொடுத்து மறுமதிப்பீடு செய்யுங்கள். மஞ்சள் நிறம் எப்போது வந்தது, எப்போது போனது என்று நேரத்தோடு அதில் எழுதியிருக்கிறது. சோதனையை நடத்திக் காட்ட ஆள் இல்லை என்றால் ஊதியம் எதுவும் இன்றி நானே வந்து கற்றுக்கொடுக்கிறேன். இதற்கு எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

மிக்க மரியாதையுடன்,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
தருமபுரி.