கூட்டத்துக்குக் காப்பி போடும் பொறுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் சனிக்கிழமைக் கூட்டத்தில் காப்பி போடும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருப்பதாகவும், ஏற்றுக்கொள்ளத் தயக்கமாக இருப்பதாகவும் சொன்னாய். அதை மறுத்துவிடாதே என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸைத் தொடங்கிய காலம் முதலே, வீடு தேடி வந்த குடிநோயாளிகளுக்கு ஸ்மித்தின் மனைவி ஆன் காப்பி கொடுத்து உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். நாஷ்வில் நகரத்து உறுப்பினர்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 88 பேருக்கு மேல் காப்பி குடிப்பவர்களாக இருந்தார்கள். புதிதாக வருபவரிடம் காப்பி வேலையைத் தருவதும் அங்கே நெடுநாள் வழக்கம். டிகாக்ஷன் இறங்கக் கால் மணி நேரத்துக்கு மேலாகும், அதை அவசரப்படுத்த முடியாது. ஆகவே மற்றவர்களுக்கு முன்பே நீ அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். கால்கள் வேறு பக்கம் இழுக்கும் அந்த மாலை நேரத்தில், உன்னை எதிர்பார்த்து ஒரு வேலையும் நான்கு மனிதர்களும் இருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் காப்பியை மருந்தென்று எண்ணிவிடாதே. அது போதையை இறக்குவதும் இல்லை, குடிநோயைத் தீர்ப்பதும் இல்லை. தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் என்ற பொருளை மூளையில் வேலை செய்யவிடாமல் காஃபீன் தடுக்கிறது. குடித்து ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகியும் அதில் பாதி உடம்பிலேயே தங்கியிருக்கும். குடியை விட்ட முதல் மாதங்களில் தூக்கம் ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிறது, படபடப்பும் கைநடுக்கமும் வேறு; தூங்காத இரவுதான் மறுபடி குடிக்கத் தூண்டும். எனவே பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் காப்பியை நிறுத்திவிட்டு, கூட்டத்தில் பிறருக்கு ஆற்றிக் கொடுத்தபின் நீ காப்பித்தூள் சேர்க்காத சுக்கு மல்லிக் காப்பியைக் குடி. மருத்துவர் எழுதிக் கொடுத்த தயாமின் (வைட்டமின் பி1) மாத்திரையை நீயாக நிறுத்தாதே. நடுக்கம் கூடினால் அன்றே அவரிடம் போய்ச் சொல்.

பொடியை ஃபில்டரில் லேசாக மட்டும் அழுத்து, இறுக்கினால் தண்ணீர் இறங்காது. கொதிநீரை ஓரத்திலிருந்து சுற்றி ஊற்று. குடியை விட்ட பலருக்கு இனிப்பின்மேல் ஆசை கூடுமாதலால் சர்க்கரையை நீயே கலக்காமல் தனியே வை. அம்மா பெரிய பித்தளை ஃபில்டரையும், சிக்கரி குறைவாகக் கலந்த தூளையும் பார்சலில் அனுப்புகிறாள். வந்து சேர்ந்ததும் அவளுக்குத் தெரியப்படுத்து.

அன்புடன்,
அப்பா