உப்புக்கொத்திகளுக்கு ஒரு கட்டம் வேண்டும்

பறவைப் பட்டியலையும் கணக்கெடுப்புப் படிவத்தையும் பராமரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் போன சனிக்கிழமை பறவைகளைக் கணக்கெடுத்தபோது படிவத்தைத் திறந்தால், சேற்றில் இரைதேடும் சின்ன வலசைப் பறவையான சிறு மணல் உப்புக்கொத்தியைக் காணோம். ஓர் இனமாக இருந்ததைப் பிரித்து, அந்த இடத்தில் சைபீரிய மணல் உப்புக்கொத்தி, திபெத்திய மணல் உப்புக்கொத்தி என்று இரண்டு. ஏதாவது ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

பிரித்த காரணத்தை உங்களிடம் கேட்கவில்லை. 1870இல் பறவையியலாளர் ஸ்வின்ஹோ விவரித்த வெண்முக உப்புக்கொத்தியை இன்னோர் இனத்தோடு சேர்த்துவைத்து, 2008 வரை கண்டுகொள்ளாமலே இருந்த கதை நம் எல்லாருக்கும் தெரியும். பிரிக்க வேண்டியதைப் பிரிக்கத்தான் வேண்டும். நான் கேட்பது, 'இரண்டில் ஒன்று' என்று பதிய ஒரு கட்டம்.

ஏப்ரலில் கிளம்பும் முன் நெஞ்சு செம்பழுப்பாகிவிடும். நெற்றி கறுப்பாக இருந்தால் திபெத்தியம், வெள்ளையாக இருந்தால் சைபீரியம், சிக்கலே இல்லை. இப்போதோ எல்லாம் சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு. வெயில் ஏறினால் தொலைநோக்கியில் சேறே நெளிகிறது. அதில் அலகு கொஞ்சம் நீளமா, கால் கொஞ்சம் உயரமா என்று எதை வைத்துச் சொல்வது? பக்கத்தில் இருந்த தம்பி, "எல்லாத்தையும் திபெத்துன்னே போடுங்கண்ணே, யாரு கேக்கப் போறா" என்றார். இங்கு வருவது பெரும்பாலும் அதுதான் என்பதால் அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அது பார்த்து எழுதியது ஆகாதே. நாளைக்கு அந்த எண்ணை வைத்து யாராவது வரைபடம் போடுவார்கள். பழைய பதிவுகளையும் ஒரே இரவில் திபெத்தியமாக்கி இருக்கிறீர்கள். எழுதியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இவற்றின் பேரினப் பெயரில் சாரட்ரியஸ் போய் அனாரிங்கஸ் வந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். 2025 ஜூனில் அவிலிஸ்ட் வந்தபோது, இனி உலகத்துக்கே ஒரே பட்டியல், 11,131 இனங்கள் என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். பட்டியலில் இனங்கள் கூடுகின்றன, அவை வந்து இறங்கும் சேறுதான் குறைந்துகொண்டே போகிறது. ஒன்றை இரண்டாக்கும் வித்தையை அந்தச் சேற்றிலும் ஒருமுறை செய்து காட்டினால் கைதட்டலாம்.

சரி, அது உங்கள் கையில் இல்லை. கட்டம் உங்கள் கையில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் சேர்த்துவிடுங்கள். பழைய பதிவுகளைப் பழைய பெயரிலேயே திருப்பி வையுங்கள். அடுத்த முறை பெயர் மாற்றுவதாக இருந்தால், வலசைப் பருவத்தில் பறவைகள் வந்து இறங்கும் முன்பே, இங்கு எதைப் பார்த்து எப்படிப் பிரிப்பது என்று படத்தோடு ஒரு பக்கம் அனுப்புங்கள்.

அதுவரை படிவத்தில் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு, 'குறிப்பு' பகுதியில் "எது என்று தெரியவில்லை" என்று எழுதப் போகிறேன். அதை அழிக்காமல் விட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு தொண்டூழியர்