தினமும் டயறி எழுதச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வருடம் பிறந்ததும் வார இதழ்களில் தவறாமல் ஓர் அறிவுரை வரும்: தினமும் டயறி எழுதுங்கள், மனதில் பட்டதையெல்லாம் கொட்டுங்கள், உங்களை நீங்கள் அறிவீர்கள். தங்கள் பத்திரிகையிலும் அண்மையில் வந்தது. வன்னியில் உளவளத்துணைப் பணியில் இருக்கும் எங்களுக்கு எழுதுவதன் பயனில் ஐயமில்லை. 'தினமும்', 'மனதில் பட்டதையெல்லாம்' என்ற இரண்டோடுதான் பிணக்கு. அப்படித் தொடங்குவோரில் பலர் இரண்டாம் கிழமை தாண்டுவதில்லை. தாண்டுவோரிலும் சிலருக்கு மனப்பாரம் கூடிவிடுகிறது.

இந்தத் துறையில் பெரிதும் பேசப்படும் ஆய்வு 1986இல் வந்தது. ஜேம்ஸ் பென்னிபேக்கர், சண்ட்ரா பீல் என்ற உளவியல் ஆய்வாளர் இருவர் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் 46 பேரைத் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் செய்தார்கள். தாம் பட்ட பெருந்துன்பத்தை, நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் சாதாரண விடயங்களை எழுதியவர்களைவிட அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகவே போனார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுடைய மனம் சோர்ந்துதான் இருந்தது. 2006இல் இத்தகைய 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் உண்டு, ஆனால் சிறிது என்றே தெரிந்தது. பென்னிபேக்கர் கேட்டது நான்கு நாள். தினமும் எழுதச் சொல்வோர் ஆயுள் முழுக்கக் கேட்கிறார்கள்.

நாட்கணக்கில்லாமல் எழுதும்போது நடப்பது இதுதான். ஒரே கவலை ஒரே சொற்களில் பக்கம் பக்கமாக வரும். அது புண்ணைச் சொறிவது போன்றது. சொறியும் நேரம் சுகம், ஆறுவது தள்ளிப்போகும். பலன் பெற்றவர்களின் எழுத்தைப் பென்னிபேக்கர் குழுவினர் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தார்கள். நாள் செல்லச் செல்ல 'அதனால்', 'இப்போதுதான் விளங்குகிறது' போன்ற சொற்கள் கூடியவர்களே கூடுதலாகத் தேறியிருந்தார்கள். ஆகவே நான்கு நாளும் ஒரே விடயத்தை எழுதலாம், ஒரே மாதிரி எழுதக்கூடாது. மூன்றாம் நாள் 'நான்' என்பதை விட்டுத் தன் பெயரைச் சொல்லி, அயலவர் ஒருவரைப் பற்றி எழுதுவதுபோல் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். கோபத்தோடு எழுதுபவருக்கு இது நன்றாக உதவும்.

அன்றாடக் குறிப்புக்கு வேறு முறை. ஓர் எடுத்துக்காட்டு. 'இண்டைக்கும் மனம் சரியில்லை. ஏன் நான் மட்டும் இப்பிடி?' என்று ஒருவர் எழுதுகிறார். இதை ஒரு மாதம் கழித்துப் படித்தால் எதுவும் கிடைக்காது. அதையே இப்படி எழுதலாம்: 'திங்கள் பின்னேரம் 5 மணி. குசினி. மகள் கொப்பி வாங்கக் காசு கேட்டாள். ஏசிப்போட்டன். நெஞ்சு படபடத்தது. நாளைக்குக் கடன்காசு கட்டவேணும்.' நாள், நேரம், இடம், யார், என்ன நடந்தது, உடம்பில் என்ன தெரிந்தது: ஐந்தாறு வரி போதும். வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பும் நடந்ததைத் திகதியிட்டு எழுதியதுதான். 'நான் யார்' என்ற கேள்வியோடு அவர் உட்காரவில்லை.

இத்தகைய குறிப்பு கிழமைக்கு மூன்று போதும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைமணி ஒதுக்கி வேறு நிறப் பேனையால் படிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் ஆள், கிழமை, நேரம் ஆகியவற்றின் கீழே கோடு. மேலே சொன்னவர் நுண்கடன் கட்டும் செவ்வாய்க்கு முதல்நாள்தோறும் மகளை ஏசுவது அப்போதுதான் அவர் கண்ணில் படும். பிள்ளை பேரில் கோபம் என்று நினைத்திருந்தது கடன் பேரிலான பயம். எழுதுகிறவர்களில் அநேகர் படிப்பதில்லை. தன்னை அறிவது பெரும்பாலும் இந்தப் படிப்பில்தான் நடக்கிறது. படித்த பிறகு ஒரே ஒரு வரி: 'திங்கள் பின்னேரம் மகள் காசு கேட்டால், தண்ணி குடிச்சுப்போட்டுத்தான் பதில் சொல்லுவன்.' 'நல்ல தாயாக இருப்பேன்' என்று எழுதுவதில் பயனில்லை. இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று குறித்து வைத்தால்தான் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரும்.

இரவில் துன்பத்தை எழுத வேண்டாம், தூக்கம் கெடும். படுக்கப் போகுமுன் எழுதுவதென்றால் நாளைய வேலைகளை எழுதலாம். 2018இல் வெளியான ஓர் ஆய்வில் இளவயதினர் 57 பேர் படுக்குமுன் 5 நிமிடம் எழுதினார்கள். செய்யவிருக்கும் வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முந்தித் தூங்கினார்கள். உயர்தரப் பரீட்சைப் பிள்ளைகளுக்கு இது ஒன்றையே சொல்லிக் கொடுத்தாலும் போதும். நன்றி சொல்லும் பட்டியல் எழுத விரும்புவோர் கிழமைக்கு ஒருமுறை எழுதட்டும். தினமும் எழுதினால் பத்தாம் நாளே 'சாப்பாடு, பிள்ளைகள், கடவுள்' என்று மரத்துப்போகும்.

இனி வன்னிக்கே உரிய விடயம். இங்கே ஓர் அறை வீட்டில் ஐந்து பேர் இருப்பார்கள். எழுதிவைத்த தாள் யார் கையில் அகப்படும் என்ற பயம் இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. அதைக் கூச்சம் என்று தட்டிக்கழிப்பது சரியல்ல. பிறர் படிப்பார் என்ற நினைப்பு இருந்தால் பேனை தானாகவே நல்ல பிள்ளையாகிவிடும், எழுதியும் பயனில்லை. ஆகவே நான்கு நாள் எழுத்தைத் தனித்தாளில் எழுதி, முடிந்ததும் அடுப்பில் போடலாம். வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அன்றாடக் குறிப்பில் பெயருக்குப் பதில் ஓர் எழுத்து போதும். அடிக்கும் கணவன் உள்ள வீட்டில் கொப்பி வேண்டவே வேண்டாம். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாணவரின் மனக்கொப்பியை வாங்கித் திருத்தாதீர்கள், எழுத்துப்பிழைக்குச் சிவப்புக் கோடு போடாதீர்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் 'பிரிந்தவருக்கு விடைபெறும் கடிதம் எழுதுங்கள்' என்ற பயிற்சியைக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். பிள்ளை எங்கே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் தாயிடம் விடைபெறச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவர் விரும்பினால் பிள்ளையைப் பற்றிய நினைவுகளை எழுதட்டும். முறைப்பாட்டுத் திகதி, கடித இலக்கம், போன அலுவலகம் ஆகியவற்றுக்கு வேறொரு கொப்பி. இரண்டையும் ஒன்றாக்கினால், மேசைக்கு மேசை காட்ட வேண்டிய கொப்பியில் மனதில் உள்ளதும் வெளியே போய்விடும். அண்மையில் சாவு நடந்த வீட்டிலும் உடனே எழுதச் சொல்லக் கூடாது. முதல் மாதங்களில் பக்கத்தில் ஆள் இருந்து கதைப்பதே உதவும்.

பொருளைப் பற்றிக் கொஞ்சம். விலையுயர்ந்த டயறி வேண்டாம். அச்சிட்ட திகதியின் கீழ் வெற்றுப் பக்கம் கிடந்தால் குற்றவுணர்வு வந்து ஆள் விட்டுவிடுவார். 80 பக்க ஒற்றை றூள் கொப்பி ஒன்று எடுங்கள். பல ஜெல் பேனைகளின் மை ஈரத்தில் கரையும், சாதாரண குமிழ்முனைப் பேனை அவ்வளவு கரையாது. மாரி வெள்ளத்துக்கும் கறையானுக்கும் தப்ப, பொலித்தீனில் சுற்றி பிஸ்கட் ரின்னில் போட்டு, நிலத்திலும் சுவரிலும் படாமல் உயரத்தில் வையுங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதையும் எவரும் எழுதுவதில்லை. ஒரு விடயத்தைத் தொட்டதும் கை நடுங்கினால், மூச்சு முட்டினால், அதை விட்டு வேறொன்றை எழுதுங்கள். எழுதியபின் ஒன்றிரண்டு மணி நேரம் சோர்வு இருப்பது வழமை. அடுத்த நாளும் தூக்கமின்றி, பழைய காட்சிகள் கண்முன் வந்துகொண்டிருந்தால் எழுத்தை நிறுத்திவிட்டு வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கோ பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ போக வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் கொப்பியில் வந்தால் அடுத்த நாள்வரை காத்திருக்கக் கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம், தமிழில் கதைக்கலாம். அடுத்த முறை டயறி பற்றிய கட்டுரை போடும்போது அந்த நான்கு இலக்கத்தையும் பெட்டி கட்டி, பெரிய எழுத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

உளவளத்துணைப் பணியாளர்கள் சிலர்,
கிளிநொச்சி, முல்லைத்தீவு.